பெங்களூரில் மனிதர்கள் வளரும் இடங்கள்

பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேயின் சிலையும் இருக்கிறது. பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரருக்கு இங்கே சிலை எழுப்பியவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பத்தினர். ஊரார் இந்தப் பகுதியை ‘மினி பிரேசில்’ என்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் மஞ்சளும் பச்சையும் ஏறிவிடும்.

ஒரு குடியிருப்பு தன் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர வேண்டும் என்று நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு இருக்க முடியாது. படிப்பும் எழுத்தும் ஒரு பக்கம், பிறர் துயருக்கு இரங்கும் குணம் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்தால் மனிதர் உயர்வார் என்ற நம்பிக்கை அங்கே கல்லில் நிற்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? ஊடகமும் விளையாட்டும் அன்றாட ஈகையும் ஒருவரை உண்மையில் வளர்க்கின்றனவா, அல்லது அப்படிச் சொல்லிக்கொள்வது நமக்கு இதமாக இருக்கிறதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன, பெங்களூரின் அனுபவம் என்ன சொல்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். தன்னை மேம்படுத்திக்கொள்ளும் ஆசை இந்த நகரத்தில் பெரிய வணிகம். காலையில் ஓட ஒரு செயலி, மாலையில் பேச்சுத்திறன் வகுப்பு, வார இறுதியில் தியான முகாம் என்று எல்லாம் தனி ஆளுக்கு விற்கப்படுகின்றன. நான் தேடிப் பார்த்தவரை, மனிதர்கள் மாறிய இடங்கள் வேறு வகையானவை. இன்னொருவருக்காக ஒரு பொறுப்பு கைக்கு வந்து சேர்ந்த இடத்தில்தான் அந்த மாற்றம் நடந்திருக்கிறது.

விளையாட்டிலிருந்து தொடங்கலாம். சான்றுகள் அதிகம் இருப்பதும், தவறான நம்பிக்கைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

விளையாடினால் நல்ல குணம் வரும் என்பது பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடைகளில் தவறாமல் கேட்கும் பேச்சு. 1971-ல் அமெரிக்க உளவியலாளர்கள் புரூஸ் ஓகில்வியும் தாமஸ் டட்கோவும் ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களைச் சோதித்துவிட்டு, இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். குணத்தை வளர்க்க வேண்டுமென்றால் வேறு எதையாவது முயன்று பாருங்கள் என்பதுதான் அவர்கள் கட்டுரையின் தலைப்பே. ஏற்கெனவே உறுதியும் தாங்கும் சக்தியும் உள்ளவர்கள் போட்டி விளையாட்டில் நிலைத்து நிற்கிறார்கள், மற்றவர்கள் இடையிலேயே விலகிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். சலித்தபின் மிஞ்சியவர்களைக் காட்டி, சல்லடைதான் அவர்களை உருவாக்கியது என்று சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியை நம் மண்ணில் இன்னும் கூர்மையாகக் கேட்டவர் பொருளாதார ஆய்வாளர் மேட் லோ. உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைச் சேர்த்துக் கிரிக்கெட் லீக் போட்டிகளை நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதிப் பிரிவினர், சில அணிகளில் கலந்த சாதியினர். யார் எந்த அணி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 2021-ல் வெளியான முடிவு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடையே பெரும்பாலும் குறைந்தது. மட்டையும் பந்தும் விதிகளும் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் எடுக்கும் ஓட்டம் இன்னொருவருக்கும் சேர்கிறதா என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அணிக்குள் நல்ல மாற்றம் இருந்தது. அணிக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அதே நம்பிக்கை பெரிதாகப் பரவவில்லை. தோழனுக்குத் திறக்கும் மனம் அந்நியனுக்கும் திறக்க வேண்டுமென்றால் மைதானம் மட்டும் போதாது.

இந்த இரண்டு முடிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு பெங்களூரின் கால்பந்தைப் பார்த்தால் பல செய்திகள் புலப்படுகின்றன. கண்டோன்மென்ட் பகுதியில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் ஆடிய ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜிநகர் பிள்ளைகள். 1937-ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்றது. அதுவரை ராணுவ அணிகளின் கையில் இருந்த கோப்பை அது. அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31 அன்று லண்டன் புறநகரில் பிரான்ஸுக்கு எதிராக நடந்தது. நம்மவர்களில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். 2–1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். எழுபதுகளில் கல்கத்தாவின் மோகன் பாகானுக்கு ஆடப் போனார் உலகநாதன். பெயர்களைப் படித்தாலே எந்தத் தெருக்களிலிருந்து போனவர்கள் என்று தெரியும்.

இந்தத் தெருக்களில் கால்பந்து ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? ஆட்டத்தின் மீதுள்ள காதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காதலுக்குப் பக்கத்திலேயே வேலை இருந்தது. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., பிறகு எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை நிறுவனங்கள் பெங்களூரில் வரிசையாக வந்தன. நிறுவனங்கள் அணிகளை வைத்திருந்தன, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தன. நன்றாக ஆடும் பையனுக்கு நிலையான சம்பளமும் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் ஓய்வூதியமும் கிடைக்க வாய்ப்பிருந்தது. ஒருவருக்கு வேலை கிடைத்தால் அவர் மாலையில் மைதானத்துக்குத் திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார். தெரு அணிகளில் பயிற்சியாளர் என்று தனியாக யாரும் சம்பளத்துக்கு வருவதில்லை. முன்பு ஆடிய அண்ணன்தான் பயிற்சியாளர், பூட்ஸ் இல்லாதவனுக்குப் பழைய பூட்ஸைத் தருபவரும் அவரே. அந்த அண்ணன் பதவியில்தான் கால்பந்து மனிதர்களை வளர்த்தது என்பது என் கணிப்பு. கோல் அடித்த பையனைவிட, பத்துப் பையன்களை மாலை ஐந்து மணிக்கு ஒழுங்காக வரவைத்தவர் அதிகம் மாறியிருப்பார்.

இந்த ஏற்பாட்டின் அடியில் இன்னொரு ஈகையும் இருக்கிறது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற வணிகர், இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர், 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களாக வளர்ந்தது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள அந்த அறக்கட்டளையின் மைதானத்தில் எத்தனையோ தலைமுறைகள் பந்து உதைத்திருக்கின்றன. ஊருக்குள் ஒரு திறந்தவெளியைப் பள்ளிக்காக ஒதுக்கி வைப்பதைப் போன்ற நீண்டகாலக் கொடை வேறு எது? இன்று நகரம் முழுவதும் வலை கட்டிய டர்ஃப் மைதானங்கள் வந்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகை. அலுவலக நண்பர்கள் கூடி ஆட அது வசதிதான். பணம் கொடுக்க முடியாத பையனுக்கும், அவனை அழைத்துவரும் அண்ணனுக்கும் அங்கே இடம் இல்லை. பொதுத்துறை அணிகளும் சுருங்கிவிட்டன. ஆகவே ஆட்டம் இன்னும் இருக்கிறது, ஆட்டத்தால் மனிதரை வளர்த்த ஏற்பாடு உடைந்துகொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் ரியாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் மேகாலயாவை 3–2 என்று வென்று 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு இந்தக் கவலையும் சேர்ந்தே வந்தது.

பாட்மின்டனிலும் இதே கதை, குறைந்த சொற்களில். மல்லேஸ்வரத்தில் கனரா யூனியனின் கல்யாண மண்டபம்தான் பிரகாஷ் படுகோனின் பயிற்சிக் களம். முகூர்த்த நாட்களில் பயிற்சி கிடையாது. அங்கிருந்து போய் 1980-ல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். 1994-ல் விமல் குமார், விவேக் குமாரோடு சேர்ந்து பெங்களூரில் அகாடமி தொடங்கினார். அங்கே பயின்ற கோபிசந்த் 2001-ல் அதே பட்டத்தை வென்றார், பிறகு ஹைதராபாத்தில் தன் அகாடமியை அமைத்தார். சாய்னாவும் சிந்துவும் அங்கிருந்து வந்தார்கள். வென்றவர் வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றிருக்கும்.

ஆட்டத்தின் நடுவே காட்டிய பெருந்தன்மைகளையும் பெங்களூர் மறக்கவில்லை. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் குண்டப்பா விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட்டுகளை இழந்து தவித்த வேளையில், அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரின் மட்டையில் பந்து படவில்லை என்று கருதி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. 1999-ல் டெல்லியில் கும்ப்ளே பாகிஸ்தானின் ஒன்பது விக்கெட்டுகளை எடுத்துவிட்டு நின்றபோது, மறுமுனையில் ஸ்ரீநாத் தனக்கு விக்கெட் விழுந்துவிடாதபடி பந்தை வெளியே வீசினார். 2018-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் ராகுல் திராவிடுக்கு 50 லட்சமும் உதவிப் பயிற்சியாளர்களுக்குத் தலா 20 லட்சமும் அறிவிக்கப்பட்டன. அந்த வேறுபாடு அவருக்கு ஒப்பவில்லை. வாரியம் மாற்றி எல்லோருக்கும் 25 லட்சமாக்கியது. இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். முதல் இரண்டும் ஒரு கணத்தின் மேன்மை. மூன்றாவதில் ஒரு விதியே மாறியது, பெயர் தெரியாத உதவியாளர்கள் வரை பலன் போனது.

இதற்கு நேர்மாறான நாளையும் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பெங்களூரின் ஆர்.சி.பி. அணி முதல்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். வெற்றி ஊர்வலம் பற்றிச் சமூக ஊடகங்களில் வந்த அழைப்புகளும், போதிய அனுமதியும் ஏற்பாடும் இல்லாமல் கூட்டம் திரண்டதும் விசாரணைகளில் பேசப்பட்டன. இறந்தவர்கள் இளம் வயதினர். பதினெட்டு ஆண்டுகள் ஓர் அணியை நேசித்த நகரம் அது. விளையாட்டும் ஊடகமும் சேர்ந்து இலட்சக்கணக்கானவர்களை ஒரே உணர்ச்சியில் இணைத்துவிட்டன, அவர்களில் ஒருவருக்கும் பக்கத்தில் நிற்பவர் மீது பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை. ஒப்படைக்க வேண்டியவர்கள் ஒப்படைக்கவில்லை. ரசிகர் என்ற நிலை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அது பார்வையாளர் நிலையாகவே நின்றுவிட்டால் ஆபத்தில் அது உதவுவதில்லை.

ஊடகத்தைப் பற்றிய ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானது ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009-ல் வெளியிட்டது. தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளின் கிராமங்களில் கேபிள் டி.வி. வந்ததற்கு முன்னும் பின்னும் பெண்களிடம் தகவல் திரட்டினார்கள். கேபிள் வந்தபின், மனைவியை அடிப்பதை ஏற்றுக்கொள்ளும் மனநிலை குறைந்தது, ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது, பெண்கள் தாமாக முடிவெடுப்பது கூடியது. மாமியார் மருமகள் தொடர்களை ஏளனமாகப் பேசும் நாம் இதைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். திரையில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை, தன் பெயரில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்ப்பதே ஒரு கதவைத் திறக்கிறது. வெறுமனே பார்ப்பதால் எதுவும் மாறாது என்ற வாதத்துக்கு இது வலுவான மறுப்பு. என் கருத்தை நான் இந்த இடத்தில் தளர்த்திக்கொள்கிறேன்: இப்படியும் வாழலாம் என்பதைப் பார்த்தே அறியாதவருக்குப் பார்ப்பதும் வளர்ச்சிதான்.

அதே கருவிகளின் மறுமுகமும் பெங்களூருக்குத் தெரியும். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளில் பரவியது. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சிட்டி ரயில் நிலையத்தில் குவிந்து குவாஹாத்திக்கு வண்டி ஏறினார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திதான் என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2018 மே மாதம் சாமராஜபேட்டையில் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸாப் வதந்தியால் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. இத்தகைய கொலைகள் நாட்டின் பல இடங்களில் நடந்த பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸாப் நிறுவனம் மாற்றியது. அனுப்பியவர்களில் பலர் தாம் நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். உறவினரை எச்சரிக்கும் அன்புதான் அந்த வதந்திக்கு வண்டியானது.

அப்படியென்றால் எந்த ஊடகம் ஆளை வளர்க்கிறது? பேசுபவர் தன் பெயரோடு, தன் ஊராருக்கு முன் பேசும் ஊடகம் என்று நான் சொல்வேன். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாசகர்களைத் தேடிக்கொண்டது. அவருடைய பௌத்த சங்கத்துக்கு இரண்டு ஊர்களிலும் கிளைகள் இருந்தன. 1914-ல் அவர் மறைந்தபின், இருபதுகளில் அந்த இதழ் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் கையில் மீண்டும் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் ஒன்று தனக்கென ஒரு பத்திரிகையை நடத்தியது என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. வாசகராக இருந்தவர் கடிதம் எழுதினார், கூட்டத்தில் பேசினார், அடுத்தவருக்குப் படித்துக் காட்டினார்.

இன்றைய பெங்களூரில் அதற்கு இணையானதை ஒரு சின்ன வானொலியில் காண்கிறேன். 90.4 அலைவரிசையில் வரும் ரேடியோ ஆக்டிவ், 2007-ல் தொடங்கிய சமுதாய வானொலி. ஜெயின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. திருநங்கைகளும் தெரு வியாபாரிகளும் மாற்றுத்திறனாளிகளும் அங்கே நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். குப்பையிலிருந்து மறுசுழற்சிப் பொருட்களைப் பொறுக்கிப் பிழைப்பவர்களின் அமைப்பான ஹசிரு தளாவோடு சேர்ந்து, அந்தத் தொழிலாளர்களே பேசும் நிகழ்ச்சியும் வந்தது. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று அடுக்குமாடி வாசிகளுக்கு அவர்கள் பாடம் சொன்னார்கள். நேற்றுவரை வாசலில் நிற்கவைத்துப் பேசப்பட்டவர் இன்று ஒலிவாங்கிக்கு முன் நிபுணராக உட்காருகிறார். அவருக்கு நடப்பதும் வளர்ச்சி, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நடப்பதும் வளர்ச்சி. பெங்களூர் மாநகராட்சி 2011-லிருந்து இந்தத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. குரலும் அட்டையும் சேர்ந்துதான் மரியாதை வந்தது.

பிரதம் புக்ஸ் நிறுவனமும் இந்த ஊரில் 2004-ல் பிறந்தது. 2015 செப்டம்பர் 8 அன்று அது ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்துவிட்டது. குழந்தைகள் கதைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், காப்புரிமைப் பயம் வேண்டாம். பெரிய பதிப்பகம் ஒருபோதும் தொடாத மொழிகளில்கூட அங்கே கதைகள் வந்துவிட்டன. தமிழில் கதை பெயர்ப்பவர்களில் ஆசிரியர்களும் வீட்டில் இருக்கும் தாய்மார்களும் உண்டு. தன் குழந்தைக்குக் கதை சொல்வதற்கும் முகம் தெரியாத குழந்தைக்காக ஒரு கதையைச் செதுக்குவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டியிருக்கும்.

கப்பன் பூங்காவில் 2023 தொடக்கத்திலிருந்து சனிக்கிழமைகளில் கூடும் ‘கப்பன் ரீட்ஸ்’ வாசகர்களைப் பற்றி இரண்டு வரிகள் போதும். பாயை விரித்து, அவரவர் புத்தகத்தை மௌனமாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். கட்டணம் கிடையாது, பேச்சாளர் கிடையாது. சென்னை உட்படப் பல நகரங்களுக்கு அது பரவிவிட்டது. ஒரு பொதுப் பூங்காவில் பெண்கள் தனியாக வந்து சில மணி நேரம் நிம்மதியாகப் படிக்க முடிகிறது என்பதே எனக்கு அதில் பிடித்த அம்சம்.

விளையாட்டு வீரர் ஒருவர் தன் ஊடகச் செல்வாக்கை என்ன செய்யலாம் என்பதற்குப் பெங்களூர் எஃப்.சி.யின் சுனில் சேத்ரி இரண்டு பாடங்கள் வைத்திருக்கிறார். 2018 ஜூனில் மும்பையில் அவர் மூன்று கோல் அடித்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர்தான். திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கைகூப்பி ஒரு காணொளி வெளியிட்டார், அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. அது கேட்டது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கையும் ஆக்ஸிஜனும் தேடி ஊர் அலைந்தபோது, தன் ட்விட்டர் கணக்கையே களத்தில் உதவி செய்துகொண்டிருந்த தொண்டர்களிடம் கொடுத்துவிட்டார். அது கொடுத்தது. பிரபலமானவர் சொல்லும் ஆறுதல் மொழியைவிட, அவர் விலகிக்கொண்டு மற்றவருக்கு விட்டுத்தரும் மேடை அன்று அதிகம் உதவியது.

அதே அலையில் பெங்களூரின் மெர்சி மிஷன், பெரும்பாலும் முஸ்லிம் அமைப்புகள் சேர்ந்த கூட்டணி, ஆக்ஸிஜன் ஏற்பாடு செய்ததோடு உறவினர்கள் நெருங்க அஞ்சிய உடல்களை அவரவர் மதச் சடங்குப்படி அடக்கமும் தகனமும் செய்தது. கௌரவத்தோடு வழியனுப்புவதை நான் ஈகையின் மிக உயர்ந்த வடிவமாகக் கருதுகிறேன். பெறுபவரால் நன்றி சொல்லவும் முடியாது.

ஈகையால் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அளந்தவர்களில் எலிசபெத் டன்னும் அவருடைய சகாக்களும் முக்கியமானவர்கள். 2008-ல் வெளியான அவர்கள் சோதனை எளிமையானது. காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்தார்கள். சிலர் அதைத் தமக்காகச் செலவழிக்க வேண்டும், சிலர் பிறருக்காக. மாலையில் பிறருக்காகச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதால் வேறுபாடு வரவில்லை. பிறகு லாரா அக்னின் உள்ளிட்டோர் 136 நாடுகளின் தகவல்களை வைத்து 2013-ல் இதே போக்கைக் காட்டினார்கள். அதற்காகச் சோதனைகள் நடந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நல்ல சேதி. ஆனால் மகிழ்ச்சி வேறு, வளர்ச்சி வேறு. ஒரு மாலைப் பொழுது மனம் நிறைவது வேறு, மனிதர் மாறுவது வேறு. ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை கொண்டாடப்படும் தான் உத்சவ் போன்ற கொடை வாரங்கள் தேவைதான். நான் தேடுவது மற்ற 51 வாரங்களை.

அந்த 51 வாரங்களில் என்னை அதிகம் பாதித்தது, தேர்வறையில் பார்வையற்றவர்களுக்காகச் சொல்வதை எழுதுபவர்களின் பணி. மாணவர் வாயால் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, தேர்வர் தானே ஆளை அழைத்துவந்தால் அவருடைய படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது. நேர்மைக்காக வைத்த விதி அது, ஆள் தேடுவதை அது கடினமாக்கவும் செய்தது. மார்ச் மாதத்தில் எழுதும் ஆளும் தன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பா பிரியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகளை இப்படி எழுதித் தந்திருக்கிறார். 2019 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார். தன் படிப்பு நின்றுபோகவிருந்த வேளையில் பிறர் கட்டணம் கட்டியதை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விடை தெரிந்தாலும் சொல்லக் கூடாது. மாணவர் தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும். அவர் யோசிக்கும் வரை பேனாவைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும், அவசரம் முகத்தில் தெரியாவிட்டாலும் குரலில் தெரிந்துவிடும். இரக்கமும் திறமையும் எல்லாம் இருந்தும், தன் அறிவை அடக்கி வைத்து இன்னொருவரின் கையாக மட்டும் இருக்க வேண்டிய மூன்று மணி நேரம் அது. அடக்கம் என்ற குணத்தைப் பயிற்றுவிக்க இதைவிடச் சிறந்த வகுப்பை எந்த நிறுவனமும் நடத்தவில்லை.

2010-ல் தொடங்கிய ‘தி அக்லி இந்தியன்’ குழுவும் இதே இனம். குப்பை கொட்டி நாறும் தெருமுனையை ஒரு காலையில் கூடிச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, தொட்டிச் செடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யார் செய்தது என்ற பெயர் வராது. வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. முன்னும் பின்னுமான படங்களை மட்டும் வெளியிடுவார்கள். அதைப் பார்த்து மற்ற பேட்டைகளும் செய்தன. ஊடகத்தை இப்படியும் பயன்படுத்தலாம், செய்தவரை மறைத்துச் செயலைக் காட்டலாம்.

இதுவரை சொன்னவற்றில் ஒரு குறை எனக்கே உறுத்துகிறது. வானொலியிலும் தேர்வறையிலும் பூங்காவிலும் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். மைதானம் என்றதும் எல்லாம் பையன்களின் கதையாகிவிடுகிறது. கௌதமபுரத்து அண்ணன்கள் வளர்த்தது பெரும்பாலும் தம்பிகளை. தங்கைகள் மாடியிலிருந்து பார்த்தார்கள்.

அதனால்தான் பார்வையற்றோர் கிரிக்கெட்டை இறுதிக்கு வைத்தேன். சமர்த்தனம் அறக்கட்டளை 1997-ல் பெங்களூரில் தொடங்கியது. நிறுவனர் மகாந்தேஷ் கிவடசண்ணவர் பார்வையற்றவர். 2012-ல் பார்வையற்றோருக்கான முதல் டி20 உலகக் கோப்பை இந்த ஊரிலேயே நடந்தது, இறுதியில் பாகிஸ்தானை இந்தியா வென்றது. ஆட்டத்தின் அமைப்பே பொறுப்பைப் பங்கிடுகிறது. பந்துக்குள் சிறு உலோக மணிகள் சலசலக்கும். பந்தைத் தரையோடு உருட்டுவதுபோல் கையைத் தாழ்த்தி வீச வேண்டும். ‘ரெடியா’ என்று வீசுபவர் கேட்டு, ஆடுபவர் ஆம் என்ற பிறகே பந்து வரும். அணியில் முற்றிலும் பார்வையற்றவர்கள் குறைந்தது நான்கு பேர் இருந்தாக வேண்டும், அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்காகும். ஓரளவு பார்வை உள்ளவர் குரல் கொடுத்து மற்றவரை நகர்த்துவார். மேட் லோவின் ஆய்வு சொன்ன ‘ஒரே அணி’ என்பதை இந்த ஆட்டம் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

2025 நவம்பர் 23 அன்று கொழும்பு பி. சரா ஓவல் மைதானத்தில் பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. இந்தியா நேபாளத்தை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. கேப்டன் கர்நாடக அணிக்காக ஆடும் டி.சி. தீபிகா. ஆட்டக்காரப் பெண்கள் பலரும் கிராமத்து எளிய குடும்பங்களிலிருந்து, பார்வையற்றோர் பள்ளிகள் வழியாகக் கிரிக்கெட்டுக்கு வந்தவர்கள். அந்தக் காலத்துக் கால்பந்து வீரருக்கு ஐ.டி.ஐ.யிலும் எச்.ஏ.எல்.லிலும் காத்திருந்த வேலையைப் போல ஒன்று இவர்களுக்கும் நிரந்தரமாகக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் இவர்கள் தங்கள் பள்ளிகளுக்குத் திரும்பிப் போய் அடுத்த பிள்ளையின் கையில் அந்தப் பந்தைக் கொடுத்து, குலுக்கிக் கேட்கச் சொல்வார்கள். கர்நாடக அரசும் பெங்களூரின் பெருநிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒரு நாள் பாராட்டு விழாவைவிடக் கடினமான வேலை: பணி நியமன ஆணைகள், மாநகராட்சி வார்டுகளில் கட்டணமில்லாத மைதானங்கள், மாலையில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் வீடு திரும்பப் பேருந்து.